பட்டை உரித்த மரம்

"இந்த எட்டி மரத்துல யாரும்மா பட்டை உரிச்சது?"

கோதண்டபாணி இப்படிக் கேட்டபோது கமலாட்சி பாதி இழுத்த வாளியோடு கிணற்றடியில் நின்றிருந்தாள். முன்கட்டில் ஒப்பாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர், கால் கழுவத் தண்ணீர், இன்னும் சற்று நேரத்தில் மாமனாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் என்று காலையிலிருந்து இழுத்து இழுத்து அவள் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. செத்த வீட்டில் மருமகள் அழுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

"எந்த மரம்ணே?" என்றாள்.

"இதோ, வெள்ளையா நிக்குதே, இதான். பந்தலுக்குக் கழி எதுனா கிடைக்குமான்னு பார்க்க வந்தேன். எட்டிம்மா இது. எங்க கொல்லையில ஒண்ணு நின்னுது. மாடு வாய் வச்சிடுச்சின்னு எங்கப்பாரு வேரோட தோண்டிப் போட்டாரு. இலையைப் பாரு, மூணு நரம்பு ஓடுது. பட்டையைப் பாரு, சாம்பலைப் பூசினாப்புல இருக்குது. யாரோ வெவரம் தெரியாம உரிச்சிக்கினு போயிருக்காங்க. அத்தனையும் வெஷம். புள்ளைங்களைக் கிட்ட விடாதே."

சொல்லிவிட்டு, சாய்த்து வைத்திருந்த பழைய மூங்கில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். திருப்புட்குழியில் நிலம் வைத்திருக்கிற மனுஷன், மாமனாருக்கு வெகுநாள் சிநேகிதர், பங்குனித் திருவிழா பார்க்க வந்த இடத்தில் சாவுக்கு நிற்க நேர்ந்துவிட்டது. அவர் என்ன கண்டார் பாவம்! கமலாட்சியின் கையிலிருந்து கயிறு நழுவியதையும் வாளி 'தொப்'பென்று உள்ளே விழுந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

அந்தப் பட்டையை உரித்தவள் அவள்தான். அதை இடித்துக் காய்ச்சி மாமனாருக்கு மூன்று நாளாகக் கொடுத்தவளும் அவள்தான். இன்று காலையிலும் கொடுத்திருந்தாள்.

மரம் தெரியாத குடும்பம் அது. அதைக் குறை என்று சொல்லக்கூடாது, தொழில் அப்படி. பட்டுப் பாவு விரிக்கிற வீதியில் மரம் நின்றால் இடைஞ்சல். நூல்மேல் சருகு விழும், காக்கை எச்சமிடும். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் முன்பு இருந்த தெருவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் வானம்தான். கமலாட்சி பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய மரங்கள் வேம்பு, மா, முருங்கை, தென்னை. அதற்குமேல் கேட்டால் அவள் சண்டைக்கு வருவாள். ஆனால் நிறத்தைக் கேட்டுப் பாருங்கள், அரக்கில் எட்டு வகை சொல்லுவாள்.

போன ஐப்பசியில்தான் பெரிய காஞ்சிபுரத்தில் இந்த வீட்டுக்கு வந்தார்கள். வீட்டை விற்றவர் காட்டிலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜவ்வாது மலையிலிருந்தும் எங்கெங்கிருந்தோ கன்று கொண்டுவந்து பின்கட்டில் நட்டு வளர்த்திருந்தார். பம்பாயில் இருக்கிற மகனிடம் போகும்போது, "இதுல ஒண்ணு மருதம்பா. நெஞ்சு வலிக்கு அதோட பட்டை நல்லது. வெட்டிடாதீங்க" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனார். எது மருதம் என்று காட்டினாரா, காட்டவில்லையா, அது தெரியாது. பெயர் தெரியாத மரங்களுக்கு இவர்களே பெயர் வைத்தார்கள். பட்டை வழவழவென்று வெளுத்திருந்தது வெள்ளை மரம். செதில் செதிலாக இருந்தது சொறி மரம். இன்னொன்று காக்கா மரம்.

தை மாதத்தில் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தது. வைத்தியர் மருதம்பட்டைக் கஷாயம் தினமும் காலையில் குடிக்கச் சொன்னார். கமலாட்சி தேரடிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் பட்டை வாங்கி வந்து, இடித்து, நாலுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, பனைவெல்லம் போட்டுக் கொடுப்பாள். அவரும் வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமவ கஷாயம்தாம்பா என்னை எழுப்பி உட்கார வச்சிருக்குது" என்று சொல்லுவார். அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்து போகும். மாமியார் இல்லாத வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பட்டை வேண்டுமானாலும் இடிக்கலாம் என்று தோன்றும்.

நாலு நாளைக்கு முன் கடைப் பட்டை தீர்ந்து போயிற்று. திருவிழா நெரிசல், கொளுத்துகிற வெயில். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மாமனார்தான் தடுத்தார்.

"எதுக்கும்மா வெயில்ல அலையுற? பின்னால வெள்ளையா நிக்குது பாரு, அதான் மருதம். அதுலயே கொஞ்சம் உரிச்சிக்க."

"நல்லாத் தெரியுமா மாமா?"

"தெரியாமலா சொல்றேன்?"

அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு உரிக்கவில்லை. கடைப் பட்டையில் மிச்சமிருந்த துணுக்கை ஒரு கிண்ணத்திலும், மரத்துப் பட்டையை இன்னொரு கிண்ணத்திலும் ஊற வைத்தாள். இரண்டும் செங்கல் சிவப்பாக இறங்கின. இரண்டிலும் ஒரு பட்டு இழையை நனைத்து மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். எந்தச் சாயப் பட்டறையில் தோய்த்த நூல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அவர். இரண்டு இழைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரே சாயம்தான், போ" என்றார். இதற்குமேல் என்ன வேண்டும்? நெசவு வீட்டில் இதற்குமேல் சாட்சி கிடையாது.

இன்று காலை கஷாயத்தை அவர் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தாள். "வச்சிட்டுப் போம்மா, ஆறட்டும்" என்றார். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தபோது தம்ளர் காலியாக இருந்தது. கழுவி வைத்தாள். கஞ்சி கொண்டுவந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள். தோளைத் தொட்டாள். அவ்வளவுதான்.

கம்பவுண்டர் சாமுவேல் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நின்னு போச்சும்மா. கஷ்டப்படாம போயிட்டாரு" என்று சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. அது இயல்பான அழுகை. இப்போது கிணற்றடியில் நிற்கும்போது அந்த அழுகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பாதாளக் கரண்டியைத் தேடி எடுத்து வாளியை மீட்டாள். தண்ணீரைத் தவலையில் ஊற்றினாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வெள்ளை மரத்தின் அடிக்குப் போனாள். அவள் அரிவாளால் உரித்த இடம் ஒரு முழத்துக்குச் சிவந்து தெரிந்தது. தாழ்ந்திருந்த கிளையில் ஓர் இலையைப் பறித்தாள். மூன்று நரம்பா? நடுவில் ஒன்று ஓடியது. பக்கத்தில் இரண்டு ஓடின. ஆனால் அதற்கு மேலேயும் இரண்டு ஓடின, அதற்கு மேலேயும் ஓடின. இன்னொரு இலையைப் பறித்துப் பார்த்தாள், அது அகலமாக இருந்தது. அடியிலிருந்து துளிர்த்த குருத்தின் இலை இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் நீளமாக இருந்தது. ஒரே மரத்தில் இப்படி வெவ்வேறு இலை இருக்கலாமா? கடவுளே, இதை யாரிடம் போய்க் கேட்பது?

பக்கத்து வீட்டு லோகாம்பாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பக் கொல்லைக்கு வந்தாள். கமலாட்சி சாதாரணமாகக் கேட்பது போல், "இது என்னா மரம்க்கா?" என்றாள்.

லோகாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சாவு வீட்டில் இது என்ன கேள்வி! ஆனாலும் தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இது வெப்பாலை. எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு. இலையைக் கிள்ளினா பால் வரும், பாரு" என்று ஓர் இலையைக் கிள்ளினாள். பால் வரவில்லை. இன்னொன்றைக் கிள்ளினாள். அதிலும் வரவில்லை. "வெயில் காலமில்ல, வத்திப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயப் பட்டறை கண்ணாயிரம் கால் கழுவ வந்தார். அவருக்குப் பட்டைகளோடு பழக்கம் உண்டு. இலையைக் கையில் வாங்கித் திருப்பினார். காம்பு இலையோடு சேருகிற இடத்தைக் கட்டை விரலால் தடவினார். "இங்க ரெண்டு மரு இருக்குது பாரு. இது கடுக்கா மரம்" என்றார்.

கமலாட்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ எட்டி இல்லியே?"

"எட்டியா? யாரு சொன்னா?"

"கோதண்டபாணி அண்ணன்."

"அவரா சொன்னாரு?" கண்ணாயிரம் இலையை மறுபடி பார்த்தார். "கழனிக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்குக் கடையில காஞ்சு வர்ற காயைத்தான் தெரியும், மரத்தை எங்க கண்டோம்?" என்று இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியாயிற்று. மருதம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. கமலாட்சி ஒரு துணிச்சலில், உரித்த இடத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த பட்டையைப் பிய்த்துக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். எட்டி என்றால் கசக்கும், மருதம் என்றால் துவர்க்கும், அவ்வளவுதானே? ஆனால் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வாய். நாக்கே கசந்துகொண்டிருந்தது. பட்டையும் கசப்பது போல் இருந்தது, துவர்ப்பது போலவும் இருந்தது. பயந்துபோய்த் துப்பிவிட்டு, வாயை மூன்று தரம் கொப்பளித்தாள்.

கந்தன் கொல்லைக்கு ஓடி வந்தான். அவள் புருஷன். அப்பாவின் வேட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்பது மறந்தவனாகக் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தான்.

"கமலாட்சி, கோயில்லேருந்து ஆள் வந்துட்டுப் போனாங்க. சாயங்காலம் சாமி நம்ம வீதி வழியா வருது. அதுக்குள்ள எடுத்துடணுமாம். பொணம் கெடக்கிற வீதியில சாமி வராது. அக்கா பஸ் ஏறிட்டாளாம், அவ வந்ததும் குளிப்பாட்டிடலாம். தண்ணி ரொப்பிட்டியா?"

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் உரிச்ச பட்டை... கோதண்டபாணி அண்ணன் அதை எட்டின்னு சொல்றாரு. பட்டை மாறிப் போச்சோன்னு பயமா இருக்குதுங்க."

கந்தன் மரத்தைப் பார்த்தான். சிவந்திருந்த இடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே அவன் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவன் தோளிலிருந்த வேட்டியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா காதுல போட்டுடாத" என்றான். போய்விட்டான்.

அது போதாதா? அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இனி ஆயுசு முழுக்க அவன் சோற்றைப் பிசையும்போது ஒரு நொடி தன்னை நிமிர்ந்து பார்ப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. கொல்லைச் சுவரோரமாகக் கிடந்த சாணியை எடுத்துக் குழைத்து, உரித்த இடத்தில் அப்பினாள். இரண்டு கையாலும் அப்பினாள். சிவப்பு மறைந்தது. ஆனால் வெள்ளை மரத்தில் பச்சைச் சாணி பளிச்சென்று தெரிந்தது. தெருவில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டும் போலிருந்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

வாலாஜாவிலிருந்து நாத்தனார் வடிவாம்பாள் வந்து சேர்ந்தாள். வீதி முனையிலேயே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, "என்னைப் பெத்த ராஜா" என்று ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தாள். கந்தனை விடப் பெரியவள், ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படியே. எதிர்வீட்டுச் சுவரில் போன வருஷ எலெக்‌ஷன் போஸ்டரை உரசிக்கொண்டு நின்றிருந்த பறைக்காரர்கள்கூட அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பார்த்தார்கள். கமலாட்சி ஒரு தம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வடிவாம்பாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "காத்தால என்னடி குடுத்த எங்கப்பாவுக்கு?"

"கஷாயம்தான்க்கா. எப்பவும் குடுக்கிறது."

"மருதமா?"

"மருதந்தான்."

"கடையில வாங்கினதா?"

கமலாட்சி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக் கண்ணில் சாணி இருந்தது.

"வாசல்ல கோதண்டபாணி அண்ணன் பேசிக்கினு இருக்காரு, கொல்லையில எட்டி மரத்துல யாரோ பட்டை உரிச்சிருக்காங்கன்னு. என் காதுல விழுந்துச்சு. என்னடி அது?"

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒப்பாரியை ஒரு சுதி குறைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள். கமலாட்சி மாமனாரைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. நெற்றியில் விபூதிப் பட்டை. விஷம் குடித்தவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. உதடு கறுத்திருக்கிறதா? வெற்றிலை போட்ட உதடு எப்போதும் கறுப்புத்தானே? பல் கிட்டியிருக்கிறதா? கட்டியிருப்பதால் தெரியவில்லையே!

"மாமாதான்க்கா வெள்ளை மரத்தைக் காட்டினாரு" என்றாள். சொன்னதும், செத்தவர்மேல் பழி போட்டது மாதிரி ஆகிவிட்டதே என்று உடம்பு கூசியது.

"எங்கப்பாவுக்கு மரத்தைப் பத்தி என்னா தெரியும்?" என்றாள் வடிவாம்பாள்.

அதற்குள் வாசலில் அவசரப்படுத்தினார்கள். சாமி புறப்பாட்டுக்கு மேளம் கோயிலில் தட்டிப் பார்க்கிற சத்தம் காற்றில் வந்தது. "குளிப்பாட்ட எடுங்கப்பா, பொம்பளைங்க எல்லாம் ஒதுங்குங்க" என்று கோதண்டபாணி குரல் கொடுத்தார். நாலு ஆண்கள் உள்ளே வந்து மாமனாரைப் பாயோடு தூக்கினார்கள். கூடத்தில் இரண்டு தறிகள். சுவரோரம் கந்தனுடையது, கட்டிலை ஒட்டி மாமனாருடையது. நெய்கிறவர் கால் தொங்கப் போட்டு மிதியை மிதிக்கிற குழியோடு, மாமனாரின் தறி தை மாதத்திலிருந்து சும்மா கிடக்கிறது. யாரும் தவறி விழக்கூடாதென்று குழியின்மேல் ஒரு கோணியை விரித்திருந்தார்கள்.

வழிவிடுவதற்காகப் பின்னுக்கு நகர்ந்த வடிவாம்பாள் அந்தக் கோணியில் கால் வைத்துவிட்டாள். கோணி உள்வாங்கியது. "ஐயோ" என்று ஒரு கால் முழுக்கக் குழிக்குள் போக, இன்னொரு கால் மேலே மடங்க, அவள் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கமலாட்சிதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மேலே உட்கார வைத்தாள்.

"குழிக்குள்ள சேறு எங்கேருந்துடி வந்துது?" என்றாள் வடிவாம்பாள்.

அவள் பாதம் கணுக்கால் வரை செஞ்சேறாக இருந்தது. ஈரச் சேறு. கமலாட்சி கோணியை முழுதாக விலக்கிக் குனிந்து பார்த்தாள். கட்டில் பக்கத்துக் குழிச் சுவரில் மேலிருந்து கீழே வரை செங்கல் சிவப்பில் ஒரு தாரை இறங்கியிருந்தது. அடுக்கடுக்காகக் காய்ந்து, ஓரங்களில் வெடித்து, அதன்மேல் இன்றைய தாரை இன்னும் ஈரமாக மினுங்கியது. அதைச் சுற்றி எறும்பு. ஆயிரமோ பத்தாயிரமோ, சாரை சாரையாகப் பனைவெல்லத்துக்கு வந்திருந்தது. அந்த நிறத்தை அவளுக்குத் தெரியாதா? அவள் காய்ச்சிய நிறம்!

"குடிக்கலியே" என்றாள் கமலாட்சி. "அக்கா, மாமா குடிக்கவே இல்லியே!"

வடிவாம்பாளும் எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல முகம் மாறியது.

"அடப்பாவி மனுசா" என்றாள். "அதே வேலை. எங்கம்மா பேதிக்கு விளக்கெண்ணெய் குடுத்தா, 'வச்சிட்டுப் போ, ஆறட்டும்'பாரு. விளக்கெண்ணெய்க்கு என்னா ஆறட்டும்? திரும்பி வந்து பார்த்தா கிண்ணம் காலியா இருக்கும். கடைசியில பார்த்தா நெல்லுக் குதிருக்குப் பின்னால அத்தனையும் கொட்டியிருக்குது. கசப்புன்னா அந்த மனுசனுக்கு ஜென்ம விரோதம்டி. பாகக்காயை இலையில வச்சா எழுந்து போயிடுவாரு."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கமலாட்சிக்கும் வந்துவிட்டது. தறிக்குழி ஓரத்தில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும், ஒருத்தி காலில் சேற்றோடு, ஒருத்தி நகத்தில் சாணியோடு உட்கார்ந்து குலுங்குவதைப் பார்த்து, துக்கம் தாங்காமல் அழுகிறார்கள் என்று மற்றப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அது உண்மையாகவும் ஆகிவிட்டது. எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து அழுகை தொடங்கியதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"கால் கழுவிக்கினு வரேன்" என்று வடிவாம்பாள் எழுந்தாள். போகிற போக்கில் கமலாட்சியின் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

கமலாட்சி குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தை போய், மாசி போய், பங்குனியும் பாதி போய்விட்டது. ஒரு நாள் விடாமல் இடித்தது, சுண்டக் காய்ச்சியது, புகையில் கண் எரிந்தது எல்லாம் இந்தப் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. அவள் அவரைக் கொல்லவில்லை. அந்தப் பாரம் இறங்கிவிட்டது, காமாட்சி தாயே, இறங்கிவிட்டது! ஆனால் அது இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. ஒரு மடக்காவது குடித்திருந்தால்? கடைப் பட்டை நல்ல மருதம்தானே, அதையாவது குடித்திருந்தால் இன்றைக்குச் சாமி பார்க்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரோ? 'மருமவ கஷாயம்தாம்பா எழுப்பி உட்கார வச்சிருக்குது.' பொய்! எவ்வளவு வாய் நிறைந்த பொய்! அவர்மேல் அவளுக்குக் கோபமாக வந்தது.

கோபத்தின் நடுவில்தான் அது அவளுக்கு உறைத்தது. வெள்ளை மரத்தைக் காட்டினாரே, அவருக்கு அது மருதம் என்று தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. சொறி மரத்தைக் காட்டியிருக்கலாம், காக்கா மரத்தைக் காட்டியிருக்கலாம், வேலியிலிருந்து ஒரு கள்ளியைக்கூடக் காட்டியிருக்கலாம். குழிக்குள் கொட்டப்போகிற தண்ணீருக்கு எந்த மரமாக இருந்தால் என்ன? அவள் வெயிலில் தேரடி வரை நடக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அவள் நனைத்துக் கொண்டுபோன இரண்டு இழைகளை எவ்வளவு அக்கறையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்! பார்த்துவிட்டு, "ஒரே சாயம்தான், போ" என்றாரே!

கந்தன் உள்ளே வந்தான். அக்கா அவனிடம் கிணற்றடியில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். குழியைப் பார்த்தான், பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பேசத் தெரியாது, எப்போதுமே தெரியாது. "எழுந்திரு" என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையை உடனே பிடிக்கவில்லை. கொல்லையில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்ட விதம் இன்னும் கண்ணிலேயே நின்றது. பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேறு என்ன செய்வது?

குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, மாலை போட்டு மாமனாரைத் திரும்பக் கொண்டுவந்து வாசல் பந்தலில் கிடத்தினார்கள். வீதிக் கோடியில் தண்ணீர் தெளிக்க ஆட்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். இவர் போனதும் கழுவிவிட்டால் சாமி வந்துவிடும். எல்லாருடைய கண்ணும் அந்தப் பக்கமே இருந்தது. "வாய்க்கரிசி போடறவங்க சீக்கிரம் வாங்கம்மா" என்று அவசரப்படுத்தினார்கள். தாடைக் கட்டை அவிழ்த்தார்கள். மகள் போட்டாள். உறவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சுற்றி வந்து கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

கமலாட்சியின் முறை வந்தது. முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு மாமனாரின் தலைமாட்டில் குந்தினாள். கட்டை அவிழ்த்த பிறகும் உதடுகள் இறுகியே இருந்தன. அவள் அரிசியை வைத்தாள். பாதி உதட்டில் நின்றது, பாதி கன்னத்தில் உருண்டு மாலைக்குள் விழுந்தது.

"போதும்மா, எழுந்திரு, நாழி ஆகுது" என்று யாரோ சொன்னார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. மாலையை விலக்கி, விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இடது கையால் அவர் மோவாயை மெல்லப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் கீழ் உதட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, பொறுக்கிய அரிசியை உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு, இந்தத் தடவை போய்விடாமல், கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.